தோற்றுப்போன தண்ணீர்த் தொட்டி

சோமனூரிலிருந்து திருப்பூர் போகிற காலை பஸ். எனக்கு முன்சீட்டில் கட்சிக்கரை வேட்டி கட்டிய ஒரு பேரூராட்சிக் கவுன்சிலர். பக்கத்தில் அவருக்குத் தெரிந்த சோமனூர்த் தறிக்காரர். நான் பேப்பரை மடித்து வைத்ததற்குக் காரணம் கவுன்சிலர் சொன்ன இந்த ஒரு வரிதான்.

“எங்க வார்டுத் தண்ணித் தொட்டிய நானேதானுங்க தோக்கடிச்சேன்.”

“ஏனுங்க அப்படி?”

“பேரூராட்சித் தலைவரு எதிர்க்கட்சிங்களே. அவரு எந்தச் செலவக் கொண்டு வந்தாலும் எதுத்து ஓட்டுப் போடோணும்னு கட்சி மேலிடத்துல சொல்லீட்டாங்க. தீர்மானத்தப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எதுத்துக் கையத் தூக்கீட்டோம். அப்பறந்தான் எந்த வார்டுன்னே காதுல உழுந்துச்சு.”

“உங்காளுக ஒருத்தருமா தொட்டி வேணும்னு சொல்லல?”

“எங்க கட்சிக் கவுன்சிலரு, மாவு மில்லுக்காரரு சொன்னாருங்க. போன தடவ எங்க கட்சி ஆளு தலைவரா இருந்து வரவேற்பு வளைவு கட்டறேன்னப்ப, தண்டச் செலவுன்னு எதுத்தாரே, அதே ஆளு.”

“அவர என்ன பண்ணுனீங்க?”

“கட்சிய உட்டு நீக்கியாச்சு. நீக்கச் சொல்லி எழுதுன கடுதாசில நானும் கையெழுத்துப் போட்டனுங்க.”

பஸ் ஓடைப் பாலத்தைத் தாண்டியது. சாயக்கழிவு நாற்றம் தாங்காமல் ஜன்னல்களை அடைத்தார்கள்.

“ஊட்டுத் தண்ணிக்கு இப்ப என்னங்க பண்றீங்க?”

“எங்க கெணத்துல சாயத்தண்ணி எறங்கீருச்சுங்க. மில்லுக்காரரு ஊட்டு போர்வெல்லுலதான் எடுக்கறோம். அவரு ஒண்ணுமே கேக்கறதில்லீங்க. மோட்டாரப் போட்டுட்டு உள்ள போயிருவாரு.”

திருப்பூரில் இறங்க எழுந்தபோது, கவுன்சிலர் யாரும் கேட்காமலே சொன்னார்:

“கொடத்தத் தூக்கீட்டு எங்கூட்டுக்காரிதானுங்க போறா. நா போறதில்ல.”