அளவு நோட்டு யாருக்கு

கிட்ட வந்து உட்காருங்கள் என் கண்ணுகளா. ஒரு தையல்கடை இரண்டாகப் பிரிந்த கதையைச் சொல்லப் போகிறேன். துணி வெட்டுகிற மாஸ்டர், வருகிறவர்களுக்கு அளவெடுத்துத் தைக்கிற அவருடைய சம்சாரம். விவாகரத்து முடிந்துவிட்டதால் இனி முன்னாள் சம்சாரம். நடுவில் கையில் பட்டியலோடு ஒரு வக்கீல் குமாஸ்தா. நான் குறுக்கே பேசப் போவதில்லை. அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள், போதும்.

– கத்தரி ரெண்டையும் மாஸ்டர் எடுத்தாச்சு. சட்டப்படி இப்ப அம்மா முறை. சொல்லுங்கம்மா.

– பித்தான் டப்பா, ஐயா.

– ஏய், அதை நான் கேக்கலாம்னு இருந்தேன்.

– உனக்கு எதுக்கு மாஸ்டர்? சட்டையில பித்தான் போனா ஊக்கு குத்திக்கிட்டுத் திரிஞ்ச ஆளு நீ.

– பாத்தீங்களா குமாஸ்தா, நீ வா போன்னு பேசுறா! பத்தொன்பது வருஷம் வாங்க போங்கன்னு பேசினவ!

– அது எங்க அம்மா வீட்டுல இருந்து நான் கொண்டுவந்த மரியாதை. என் சாமான், திருப்பி எடுத்துக்கிட்டேன். எழுதிக்கோங்க ஐயா.

– மரியாதைக்குப் பட்டியல்ல இடம் இல்லம்மா. சட்டப்படி பொருள் மட்டும்தான். பித்தான் டப்பா, பதிஞ்சாச்சு. மாஸ்டர்?

– துணி மாட்டுற பொம்மை.

– தலையும் கையும் இல்லாத அதுவா? நல்ல பொருத்தம். எதுத்துப் பேசாது, ஏன்னு கேக்காது.

– இவ வாயை அடக்கச் சொல்லுங்க!

– ரெண்டு பேரும் எனக்காகக் கொஞ்சம் அடங்குங்க. காலையில இருந்து நின்னுக்கிட்டே எழுதுறேன். இந்தக் கடையில இருக்கிறதே ஒரு முக்காலி. அதையும் அம்மா மூணாவதா எடுத்துட்டாங்க.

– எனக்கு வந்த முக்காலிதானே, தாராளமா உக்காருங்க ஐயா. அடுத்து எனக்கு அந்த நிலைக்கண்ணாடி.

– கொண்டு போகட்டும். அவ மூஞ்சியை அவளே பாத்துக்கட்டும்.

– பதிஞ்சாச்சு. ம்... மிச்சம் ரெண்டே ரெண்டு. கால் மிதி தையல் மெஷின் ஒண்ணு, அளவு நோட்டு ஒண்ணு. மாஸ்டர் முறை. நீங்க ஒண்ணைத் தொட்டா மத்தது அம்மாவுக்கு.

– என்னடி, முகம் வெளுக்குது? மெஷின்ல கை வெச்சுருவேன்னு பயமா?

– ஆமா, பயம்தான். அது இல்லாட்டா நாளைக்கு எனக்குப் பொழைப்பு இல்ல. அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? தொடுறதுன்னா தொடு. ஆனா சீக்கிரம் தொடு, உன் மூஞ்சியை இதுக்கு மேல பாக்க முடியல.

– இவ மூளை அவ்வளவுதான் குமாஸ்தா. இரும்பைக் கட்டிக்கிட்டு அழுறா. மெஷின் எந்தச் சந்துலயும் கிடைக்கும். இந்த ஊரே இந்த நோட்டுக்குள்ளதான் கிடக்கு! முந்நூறு பேரு கழுத்து, தோள், இடுப்பு, கை நீளம். நோட்டு எங்கேயோ, கடை அங்கே. இவ மிதிச்சுக்கிட்டே கிடக்கட்டும். தைக்க யாரு துணி கொடுப்பான்னு பாக்குறேன்.

– அப்ப நோட்டா? நிதானமா சொல்லுங்க மாஸ்டர். கையெழுத்துப் போட்டா சட்டப்படி மாத்த முடியாது.

– நோட்டுதான். பேனாவைக் கொடுங்க. இந்தா, போட்டாச்சு.

– அம்மா, நீங்களும் இங்க.

– போட்டுட்டேன் ஐயா. மெஷின் மேல கிடக்கிற துண்டை எடுத்துக்கச் சொல்லுங்க. அந்த வேர்வை நாத்தம் என் பங்குல வரலை.

– பேசுடி, பேசு. இனி தொழில் என் கையில. எங்க, முதல் பக்கம்... என்ன இது? “வாடகைக் கழுத்து. மார்பு நாப்பது, கை இருபத்திமூணு.” யாரு இது, வாடகைக் கழுத்து?

– வாடிக்கைக்காரர்.

– பேரு எங்க?

– அதான் பேரு.

– “கோவிச்சுக்கிட்ட இடது தோள்.” “மூச்சை அடக்குற தொப்பை.” “அண்ணன் சட்டைக்குள்ள தம்பி.” ஏய்! முந்நூறு பேருக்கும் இப்படியா எழுதி வெச்சிருக்கே?

– எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி எழுதினேன். பேரு மறந்துபோகும், தோள் மறக்காது. அளவை மட்டும் துண்டுச்சீட்டுல எழுதி, துணியில குத்தி உன் மேஜைக்கு அனுப்பினேன். நீ எண்ணைப் பாத்து வெட்டினே. எந்த மனுஷன் மேல அது ஏறும்னு ஒரு நாளாவது கேட்டியா? முன்பக்கத்துல இருந்து ஒரே ஒரு தடவை நோட்டைப் பிரிச்சிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்.

– குமாஸ்தா, யாரு யாருன்னு இவளைச் சொல்லச் சொல்லுங்க!

– பட்டியல்ல “அளவு நோட்டு ஒண்ணு”ன்னுதான் இருக்கு மாஸ்டர். விளக்கவுரையும் சேத்துன்னு இல்ல. சட்டப்படி...

– உங்க சட்டப்படியைத் தூக்கிக் குப்பையில போடுங்க! வர்றவங்ககிட்டயே கேட்டுக்கிறேன்.

– கேளு. வாசல்ல நின்னுக்கிட்டு, “ஐயா, மூச்சை அடக்குற தொப்பை நீங்கதானே?”ன்னு கேளு. உன் கன்னத்தை அவங்க அளவெடுப்பாங்க.

– ஹஹ்... மன்னிக்கணும் மாஸ்டர், இருமல்.

– சிரிங்க, நல்லா சிரிங்க. புதுசா அளவெடுத்துட்டுப் போறேன். என்ன குடி முழுகிடும்?

– எடேன். வந்தாத்தானே எடுப்பே? எங்கிட்ட பேசத்தான் அவங்க இந்தப் படி ஏறினாங்க. நீ தலை நிமிந்து “வாங்க”ன்னு சொன்ன வாடிக்கைக்காரர் ஒருத்தரைக் காட்டு பாப்போம்.

– இந்தத் திமிருதான் குமாஸ்தா, இந்தத் திமிருதான்! நான் என்ன குத்தம் பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் இவ வாயைத் திறந்து சொன்னதில்ல. திடுதிப்புன்னு ஒரு நாள் காகிதத்தை நீட்டினா. கோர்ட்டுலயும் “ஒத்துவரலை”ன்னு ஒத்தை வார்த்தை. ஒத்துவராம என்ன? குடிச்சேனா, அடிச்சேனா?

– மனுவுலயும் அவ்வளவுதான் மாஸ்டர் இருக்கு. எங்க வக்கீலே ரெண்டு தடவை கேட்டுப் பாத்தார். அம்மா சொல்லல.

– சொல்ல என்ன இருக்கு இவளுக்கு? ஒண்ணும் இல்ல! சரி, போகட்டும். முந்நூறு பேரு வேணாம்டி. எனக்குத் தெரியுற மாதிரி ஒரே ஒரு பேரு, நிஜப் பேரு, இந்த நோட்டுல இருக்கா இல்லையா? அதையாவது சொல்லிட்டுப் போ.

– இருக்கு மாஸ்டர். பின்பக்கம் திருப்பி, கடைசித் தாளைப் பாரு. நான் கடையில இல்லாத அன்னைக்கு ஒருத்தியை நிக்கவெச்சு ஆசை ஆசையா அளவெடுத்தே. தொழில் பழக்கம், கை சும்மா இருக்கல; அவ பேரைப் பெரிசா எழுதி, பக்கத்துல ஒரு பூவும் போட்டு, கடை நோட்டுலயே பதிஞ்சு வெச்சே. அடுத்த வாரம் நீ வெட்டிக் கொடுத்த அந்தப் பச்சைப் பட்டு உடுப்பை, யாருக்குன்னு தெரிஞ்சே, ஒரு சுருக்கம் விழாம தைச்சுக் கொடுத்தவ நான்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்து போய் நிம்மதியாகப் படுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் இருவர் துணியும் ஒரே தட்டில் மடிந்து கிடக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் சட்டைகள் கிழிந்து அல்ல, வளர்ந்து சிறியதாகட்டும்.