கட்டிலில் இருப்பவரிடம் கேளுங்கள்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வக்கீல் அம்மா அவர்களே, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் ஓட்டுநர்களே, நடத்துநர்களே, இந்தப் பழுதுபார்க்கும் கொட்டகையின் முன்வரிசையைச் சக்கர நாற்காலிகளால் நிரப்பியிருக்கும் என் பிள்ளைகளே, எல்லாருக்கும் என் வணக்கம்.

"ரெண்டு வார்த்தை போதும்மா, உட்கார்ந்தே பேசுங்க" என்றார் தலைவர். இரண்டு வார்த்தையில் முடிகிற ஆளா என் பேத்தி? ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பதற்குள் நாலு வார்த்தை பேசுகிறவள். ஆகையால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நின்றுதான் படிப்பேன்.

விசில் என்பது நீங்கள் வைத்த பெயர். ஊதல் தொலைந்துபோன ஒரு நாளில், இரண்டு விரலை வாயில் வைத்து ஊதியே எட்டு நடை வண்டியை ஓட்டவைத்தாளாம். அன்றிலிருந்து பணிமனையில் அவள் விசில். இளையவர்களுக்கு விசிலக்கா. வீட்டில் நான் கூப்பிட்ட பெயரை வாசலில் நின்று யாரும் கேட்டதில்லை. "விசில் வீடு இதுதானே" என்றுதான் கேட்டார்கள். தாய் தகப்பன் இல்லாப் பிள்ளையை வளர்த்த எனக்கு அதைவிட என்ன பெருமை வேண்டும்?

அவள் எப்படிப்பட்ட நடத்துநர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நெரிசலான காலை வண்டி. ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெளிகிறார், யாரிடமும் சொல்ல முடியவில்லை. இவள் பார்த்துவிட்டாள். பெட்ரோல் பங்கு பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "பெரியவர் பாத்ரூம் போயிட்டு வரார், அஞ்சு நிமிஷம்" என்று அறுபது பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆபீசுக்கு நேரமாகிறது என்று ஒருவர் கத்தினார். "உங்களுக்கு வந்தா கடைசி ஸ்டாப் வரைக்கும் அடக்குங்கன்னு சொல்லிடவா சார்?" என்றாள். வண்டி முழுக்கச் சிரிப்பு. கத்தியவரும் சிரித்தாராம்.

அடுத்தவருக்காக வண்டியை நிறுத்தியவள் தனக்காக ஒரு நாளும் நிறுத்தியதில்லை. பெண் நடத்துநர்களே, ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வழியில் எந்த நிறுத்தத்திலும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் ஒரு வாய் காபி, பிறகு மாலை வரைக்கும் தண்ணீர் கிடையாது. ஒன்பது மணி நேரம் நின்றபடி அடக்கப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம்தான் அவளை ஏமாற்றியது.

ஐந்து மாதமாக முதுகு வலி. நிற்கிற வேலை, குலுங்குகிற வண்டி, யாருக்குத்தான் வலிக்காது என்று தைலம் தேய்த்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை மதியம், இரண்டு நடைக்கு நடுவே வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு தடவைகூட ஒண்ணுக்குப் போகணும்னு தோணலை பாட்டி. நிம்மதியா இருக்கு."

நிம்மதி என்றாள். நானும் நல்லதாகப் போயிற்று என்றேன். முதுகெலும்பின் அடியில் நரம்புகள் குதிரை வால்போலக் கற்றையாகத் தொங்கும் என்றும், விலகிய ஜவ்வு அந்தக் கற்றையை நசுக்கினால் மூத்திரம் முட்டுவதுகூடத் தெரியாது என்றும் எங்கள் இருவருக்கும் யார் சொல்லியிருந்தார்கள்? உட்காருகிற இடம் மரத்துப்போகும். மூத்திரம் வராது. உடனே அறுத்துச் சரிசெய்தால் பிழைக்கலாம், நாள் கடத்தினால் போனது போனதுதான். இதையெல்லாம் பிறகு கற்றோம். பாடம் முடிந்த பிறகு வாங்கிய புத்தகம் அது.

அன்று மாலை நாலு மணிக்குப் படியில் இறங்கும்போது கால் மடங்கி விழுந்தாள். ஓட்டுநர் தம்பி வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே அவசரப் பிரிவு டாக்டர் முதுகைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். தசைப்பிடிப்பு என்றார். வலிக்கு ஊசி போட்டு வார்டுக்கு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள்.

இப்போது நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊசி மயக்கத்தில் அவள் தூங்குகிறாள். போர்வையை விலக்கினால் கட்டில் முழுக்க ஈரம். நிரம்பி வழிந்தது அது. உள்ளே நிரம்புவதும் தெரியாமல், வெளியே வருவதும் தெரியாமல் வழிந்தது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இருபத்தொன்பது வயதுப் பெண் படுக்கையை நனைத்துவிட்டாள், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஆண்கள் நான்கு பேர் நிற்கிறார்கள் என்பதுதான். அவசர அவசரமாகத் துணியை உருவினேன். சுருட்டிப் பைக்குள் திணித்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த நேரத்தில் சிஸ்டர் வாசற்படியில் நின்று கேட்டார்: "பாத்ரூம் போனாங்களா பாட்டி?"

"போனா, போனா" என்றேன்.

சிஸ்டர் எழுதிக்கொண்டு போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர். அதற்குப் பிறகு, திங்கட்கிழமைக்குள் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். சிஸ்டர் எழுதியதைப் படித்துத் தலையாட்டினார்கள், அதையே பார்த்து எழுதினார்கள், போனார்கள்.

திங்கட்கிழமை பெரிய டாக்டர் வந்து ஒரு குண்டூசியை எடுத்துக் குத்தினார். எங்கே குத்தினாலும் அவளுக்குத் தெரியவில்லை. அடிவயிற்றைத் தொட்டார், கல்லாக இருந்தது. குழாய் போட்டதும் ஒரு வாளியில் பாதி வந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்று மாலையே அறுவை. ஆனால் அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. கால் பாதிதான் திரும்பியது. மூத்திரப்பை திரும்பவே இல்லை. அன்று போட்ட குழாய் ஏழு வருடம் அவளோடு இருந்தது.

மூன்று மாதம் கழித்து நஷ்டஈடு வழக்குக்காக ஆஸ்பத்திரிக் காகிதங்களின் நகலை வாங்கினோம். வக்கீல் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படித்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "நோயாளி இயல்பாகச் சிறுநீர் கழித்தார், உடனிருந்தவர் கூற்று" என்று எழுதியிருந்தது. எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும், இது யார் சொன்னது என்று கேட்டார். அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். என் பேத்தி என்னைப் பார்த்தாள். நான் ஈரத்துணியைப் பற்றிச் சொன்னேன்.

ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. செத்துப்போனவளைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். ஒன்பது நாள் பேசாமல் இருந்ததும் நல்லதுதான். மறுநாளே மன்னித்திருந்தால், நான் செய்தது சின்னத் தப்பு என்று நானே நினைத்திருப்பேன். அந்த ஒன்பது நாளும் அவள் குழாயை நான்தான் கழுவினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பத்தாம் நாள் பேசினாள். "பாட்டி, நீ நின்ன இடத்துக்கும் என் கட்டிலுக்கும் எவ்வளவு தூரம்?"

"தூரம் ஏது, கட்டிலைப் பிடிச்சிட்டுத்தானே நின்னேன்."

"சிஸ்டர்?"

"வாசல்ல. ஒரு பத்தடி இருக்கும்."

"அப்போ பத்தடி நடந்து வந்து என்னை எழுப்பி ஏன் கேக்கலை? என் உடம்பு உன்கிட்டயா இருந்துச்சு?"

இந்த ஒரு கேள்விதான் வழக்கு. அவள் கேட்டது வேறு எதுவுமில்லை. அந்தப் பிழை பாட்டியோடு நின்றுவிட்டதா, அதை நம்பி வைத்தியம் பார்த்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டா?

என்னைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டாம், வழக்குப் பலவீனமாகும் என்று வக்கீல் அம்மா சொன்னார். இப்போது அவர் தலையசைக்கிறார், பாருங்கள். என் பேத்தி ஒப்பவில்லை. "மறைச்சு மறைச்சுத்தானே மேடம் இந்த நாற்காலிக்கு வந்தேன்" என்றாள். கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். பொய் சொன்னீர்களா என்றார். சொன்னேன் என்றேன். அப்படியானால் பேத்தியின் இந்த நிலைக்கு நீங்கள்தானே காரணம் என்றார்.

"எனக்கும் பங்கு இருக்கு ஐயா, அதை நான் செத்தாலும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா நான் ஒரு வாய் வார்த்தைதான் சொன்னேன். அதை ஒரு நாள் முழுக்கத் தொட்டுக்கூடப் பாக்காம நம்பினது படிச்சவங்க."

நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். நான் பின்னால் திரும்பினேன். சக்கர நாற்காலியில் அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "நல்லாத்தான் பேசினே" என்றாள். அவ்வளவுதான்.

வழக்கு ஏழு வருடமாக நடக்கிறது. இந்த ஏழு வருடம் அவள் சும்மா இருந்தாளா? ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகு வலி என்று வருகிறவர்களை நிறுத்திக் கேட்பாள். மூத்திரம் முட்டுவது தெரிகிறதா? உட்காருகிற இடம் மரத்திருக்கிறதா? இரண்டு காலும் ஒரேயடியாகச் சோர்கிறதா? நடு ரோட்டில், இளம்பெண், ஆண்களிடம். திட்டியவர்கள் உண்டு. பைத்தியம் என்றவர்களும் உண்டு. ஒரு அம்மாள், "வெக்கமா இல்லையாடி உனக்கு?" என்றார். "எங்க வீட்டுல வெக்கம் ஒரு தடவை பட்டாச்சும்மா, போதும்" என்றாள் இவள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு கொத்தனார் வந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லைங்க, வெறும் முதுகுதான்" என்கிறார். இவள் தன் புடவையை ஒதுக்கிக் குழாயையும் பையையும் காட்டினாள். "நானும் ஒண்ணுமில்லைன்னுதான் இருந்தேன் அண்ணா. இப்ப சொல்லுங்க." அவர் மனைவியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காலையிலிருந்து மூத்திரம் வரவில்லை என்று சொன்னார். இவள் அவரை உள்ளே அழைத்துப் போய், தொட்டுப் பார்க்கும்வரை நகர மாட்டேன் என்று அந்த டாக்டருக்கு முன்னால் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தினாள். அன்று மாலையே அறுவை நடந்தது. அந்தக் கொத்தனார் இதோ கடைசி வரிசையில், நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கிறார். நின்றுகொண்டிருக்கிறார் என்பதை எல்லாரும் திரும்பிப் பாருங்கள்!

இதோ முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகள் உட்படப் பதினொரு பேருக்கு, அவரவர் வழக்குக்காக ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்கிக் கொடுத்தாள். பணிமனையில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு முப்பது மனு எழுதினாள். கட்டடம் வந்துவிட்டது, தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. தலைவர் அவர்களே, உங்கள் பக்கம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

குழாய் போட்ட உடம்பில் கிருமி ஏறும். இரண்டு முறை சிறுநீரகத்துக்கு ஏறி இறங்கியது. மூன்றாம் முறை இறங்கவில்லை. காய்ச்சல் வந்த நாலாம் நாள் போய்விட்டாள். முப்பத்தாறு வயது. இறுதி வாதத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

போனவளோடு வழக்கும் போய்விடும் என்று நினைத்தேன். இல்லை, வாரிசு கையெழுத்துப் போட்டால் நடக்கும் என்றார் வக்கீல் அம்மா. அதற்குள் ஆஸ்பத்திரித் தரப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். பேத்தி கேட்ட தொகையில் முக்கால் பங்கு தருகிறோம் என்றார். ஒரு காகிதத்தில் ஒரே ஒரு வரி ஒப்புக்கொள்ள வேண்டுமாம்: தாமதத்துக்குக் காரணம் உடனிருந்தவர் தந்த தவறான தகவல். "உண்மைதானே பாட்டி, நீங்களே கோர்ட்டுல சொன்னதுதானே. இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?"

என் மகன், அவளுக்கு மாமன், "வாங்கிடும்மா, மருந்துக் கடனாவது அடையும்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஏழு வருடம் அவனும் தூக்கிச் சுமந்தான். நான் பேனாவைக் கையில் எடுத்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. அந்த வரியில் பொய் இல்லையே.

அதை இரண்டாம் முறை படித்தேன். என் பெயர் இருக்கிறது, என் தப்பு இருக்கிறது. அவள் எங்கே? கட்டிலில் ஒருத்தி படுத்திருந்தாள், அவளைத் தொட ஒருவரும் வரவில்லை என்பது எங்கே? அதில் நான் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு எந்த வார்டிலும் வாசலில் நின்று கேட்டால் போதும் என்று ஆகிவிடும். வெட்கப்படுகிற ஒரு அம்மாவோ அண்ணனோ புருஷனோ ஏதாவது சொல்வார்கள், அதை எழுதிக்கொண்டு போனால் கடமை முடிந்தது என்று ஆகிவிடும். என் தப்பை அவர்களுக்குச் சட்டமாக்கிக் கொடுக்க நான் யார்?

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போன வாரம் வாரிசு மனுவில் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. வழக்கு இன்று முதல் என் பெயரில் நடக்கிறது.

செவ்வாய்க்கிழமை அந்த நிறுத்தத்தில் உட்கார ஆள் வேண்டும். கூச்சம் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது வாரத்தில் போய்விடும். கூட்டம் முடிந்ததும் ஓட்டுநர் தம்பியிடம் பெயர் கொடுங்கள். வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். வெல்வோமா என்று தெரியாது. தீர்ப்பு வரும் நாளில் நான் இருப்பேனா என்றும் தெரியாது. அதனால் எனக்கு அடுத்த வாரிசாக என் மகன் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தான், போட்டுவிட்டான்.

விசாரணை பத்தொன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு. மூன்றாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. ஏழு வருடமும் அவளை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினீர்கள். என்னை யாரும் தூக்க வேண்டாம். நான் எட்டு மணிக்கே போய் ஏற ஆரம்பித்துவிடுவேன்.