மூப்பரின் பொலித்தீன் பை

– அப்பிடி இல்லை, ரோசாலியம்மா. 'தயவுசெய்து' போட வேண்டாம். 'பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்காதேங்கோ, சுவாமி' எண்டு நேரை எழுதுங்கோ.

– செபஸ்தியாம்பிள்ளை அண்ணே, பிரெஞ்சு சாமியாருக்குத் 'தயவுசெய்து' இல்லாம எழுதினா, பிரிச்ச கையோட மூடிடுவாரு. இருபத்தேழு வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தவ நான், எனக்குத் தெரியாதா? யாரோட பிள்ளைன்னு மட்டும் தெளிவாச் சொல்லுங்க.

– என்ர பேரன்தான். என்ர மகள் ஜசிந்தா பெத்தது.

– மோன் தியே, ஆண்டவரே! சொந்தப் பேரனுக்கு ஞானஸ்நானம் குடுக்காதேன்னு தாத்தாவே எழுதறீங்களா?

– தாயும் தகப்பனும் கலியாணம் முடிக்கேல்லை, அம்மா. சென் தெனியிலை ஒரே வீட்டிலை இருக்கினம். அவன் பிலிப் எண்டொரு வெள்ளைப் பொடியன். கலியாணம் எப்ப எண்டு கேட்டா, 'இப்ப எங்களுக்கு என்ன குறை?' எண்டு என்னட்டையே திருப்பிக் கேக்கிறான். குறையை நான் பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்லுறது? இந்த ஊர் நாகரிகத்துக்குக் கோயில் எண்டா படமெடுக்கிற இடம். தண்ணியை ஊத்து, படத்தை எடு, கேக்கை வெட்டு.

– என் மவன் ழான்-லூக்கும் ஆர்ஜொந்தெய்ல ஒருத்தியோட அப்படித்தான் இருக்கான். முதல் வருஷம் பூரா அழுதேன். இப்ப ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வராங்க, மீன் குழம்பு வைக்கிறேன்.

– நீங்கள் வைப்பியள். நான் மூப்பர். தமிழ்ப் பூசையிலை ஆர் செபமாலை சொல்லுறது எண்டு தீர்மானிக்கிறது நான்தான். போன கிழமை வலன்ரைன் எண்டொரு பொடியன் செபமாலையைத் தொடங்கினான். 'முதல் உன்னோடை இருக்கிற பெட்டையைக் கலியாணம் முடிச்சுப்போட்டு வா' எண்டு எல்லாருக்கும் முன்னாலை இருத்தினனான். இப்ப என்ர வீட்டுக்குள்ளையே இப்பிடி எண்டா, எந்த மூஞ்சையோடை போய் நிக்கிறது?

– அப்ப பிரச்சினை பேரன் இல்ல. உங்க மூஞ்சி.

– அம்பத்தெட்டு வருசமாக் கொண்டு திரியிற மூஞ்சை. வடிவில்லைத்தான், ஆனா வேறை இல்லையே.

– நான் கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. மூப்பர்னா நாலு எழுத்து படிச்சவங்களைத்தானே வைப்பாங்க?

– நான் மூண்டாம் வகுப்பு. அதுவும் கடல் கொந்தளிச்ச நாளிலை மட்டும் போனது. சத்தம் பெரிசெண்டு என்னை மூப்பராக்கினவை.

– கொஞ்சம் இருங்க, மெத்ரோ ரயில் போகட்டும். தலைக்கு மேலயே ஓடுது, சனியன்... சரி. உங்க விலாசம் சொல்லுங்க, மேல போடணும்.

– தெருப் பேர் என்ர வாயிலை வராது. இந்தாங்கோ, பொலித்தீன் பை. இதை நான் ஒருத்தரிட்டையும் குடுக்கிறேல்லை. என்ர மனுசிகூடத் தொடேலாது. மேலை கிடக்கிற கடதாசியிலை விலாசம் இருக்கு. வேறை ஒண்டும் வாசிக்காதேங்கோ.

– வாசிக்காம விலாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ம்... இது உங்க பேரு. இது தெரு... அண்ணே.

– என்ன?

– இதுல நீங்களும் உங்க சம்சாரம் அந்தோணியம்மாளும் கல்யாணம் ஆகாம சேர்ந்து வாழறவங்கன்னு போட்டிருக்கு.

– ஆர் போட்டது? எந்த நாய் போட்டது?

– கீழ உங்க கையெழுத்து இருக்கு.

– ஓம், அது என்ரைதான். எண்பத்திநாலிலை வந்த புதுசு. அகதி பதியிற கந்தோரிலை கலியாணப் பத்திரம் கேட்டினம். இல்லை எண்டனான். மொழிபெயர்க்க வந்த வாமதேவன் 'இதிலை வையுங்கோ அண்ணை' எண்டான். வைச்சனான். ஊரிலை ஒருத்தரையும் நம்பாத மனுசன், இஞ்சை வந்து ஒரு பேனையை நம்பினன்.

– அப்ப பத்திரம் எங்க?

– சண்டையிலை கோயில் எரிஞ்சது. பதிவுப் புத்தகமும் அதோடை போச்சு.

– அவ்வளவுதானே! பதிவோட நகல் ஒண்ணு மேற்றிராணியார் வீட்டுக்குப் போயிருக்கும். எங்க புதுச்சேரியில அப்படித்தான். யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடுதாசி போட்டா அனுப்பிடுவாங்க. நானே எழுதறேன்.

– அங்கை இப்ப தபால் ஓடுறேல்லை.

– உங்க தங்கச்சி கடுதாசி வந்துச்சுன்னு போன வாரம்தான் சொன்னீங்க.

– நகலை எலி அரிச்சிருக்கும்.

– எந்த வருஷம், எந்தக் கோயில்? அதை மட்டும் சொல்லுங்க.

– மெத்ரோ போகட்டும்.

– மெத்ரோ வரவே இல்லியே, அண்ணே.

– கதவு சாத்திக் கிடக்கோ?

– சாத்தித்தான் இருக்கு.

– அந்தோணியம்மாளின்ர தகப்பனிட்டை நாலு வள்ளம். நான் அதிலை கூலிக்கு வலை இழுத்தவன். பெண் கேட்டா வெட்டிப்போட்டிருப்பான். ஒருநாள் அவளை ஏத்திக்கொண்டு மன்னார்ப் பக்கம் போயிட்டன். அவன்ர வள்ளத்திலைதான்.

– அங்க போய்க் கட்டிக்கிட்டீங்க.

– அங்கை எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. கலியாணம் முடிச்ச ஆக்கள் எண்டு நினைச்சினம். நினைக்கிற சனத்தை ஏன் குழப்புவான்? வாற வருசம் முடிப்பம் எண்டம். வாற வருசம் ஜசிந்தா வந்திட்டாள். பிறகு, பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்க மாலை போட வெக்கமாப் போச்சு.

– அப்ப இந்த பப்பியே, இந்தக் கடுதாசில இருக்கிறது...

– அந்தப் பைக்குள்ளை பொய் சொல்லாத கடதாசி அது ஒண்டுதான். என்ர வயசுகூடப் பிழை.

– ஜசிந்தாவுக்குத் தெரியுமா?

– தெரிஞ்சா அவளிட்டைக் கலியாணம் எப்ப எண்டு நான் இந்தச் சத்தத்திலை கேப்பனே?

– வலன்ரைனுக்கு என்ன சொல்லப் போறீங்க?

– செபமாலையை அவனே சொல்லட்டும். எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு எண்டு சொல்லுவன்.

– சரி, இந்தக் கடுதாசியை என்ன பண்ண?

– கிழியுங்கோ. வேறை எழுதுங்கோ. 'தயவுசெய்து' போடுங்கோ, ரெண்டு தரம் போடுங்கோ.

– போட்டாச்சு. சொல்லுங்க.

– 'சுவாமி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின்ர தலையிலை தண்ணி ஊத்துங்கோ. பிள்ளையின்ர தாய்க்கு ஊத்தின மன்னார்ச் சுவாமிக்கு, நானும் மனுசியும் கலியாணம் முடிக்காத ஆக்கள் எண்டு தெரியும், அவரிட்டை மட்டும் நானே சொன்னனான். அவர் ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளை அழுகுது, கெதியாக் கொண்டா எண்டு மட்டும்தான் சொன்னவர்.'