இணைய முயலும் கருவி

ரூட்டரை எங்கே வைப்பது என்பதில் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். ஒயர் எங்கே வருகிறதோ அங்கேயே, டிவிக்குப் பின்னாலோ செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலோ வைத்துவிட்டு, நெட் ஆமை மாதிரி ஊர்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் எதுவும் அடைக்காமல் வைக்க வேண்டும். மீன்தொட்டிக்கு அருகில் கூடாது. தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். நான் எங்கள் கூடத்தில், மாடிப்படி தொடங்கும் இடத்தில், சுவரில் சிறிய பலகை அடித்து அதன்மேல் வைத்தேன். நீங்கள் அதைக் கழற்றி எடுத்துப்போனபோது அடாப்டரை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கொண்டுவந்திருக்கிறேன். மேசைமேல் இருக்கிறது.

வீட்டையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே, சாலையைவிடத் தாழ்வாக இருக்கிறது. வெளிக்கேட்டைத் தாண்டி நின்றால்தான் போனில் டவர் கிடைக்கும். உள்ளே வைஃபை இருந்தால் பேசலாம். இல்லையென்றால் போன் வெறும் கடிகாரம்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் ஏணியில் நின்றபடி கேட்டார்.

"பாஸ்வேர்டு என்ன வைக்கலாம்க்கா? மறக்காத மாதிரி சொல்லுங்க."

"என் தம்பி பேரு வைங்க."

"எல்லாரும் புள்ள பேரு வைப்பாங்க. சில பேர் நாய் பேரு வைப்பாங்க. தம்பி பேரு வைக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"அவனும் புள்ளதான்," என்றேன்.

அது பொய்யில்லை. அம்மாவும் அப்பாவும் போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். வளர்த்து ஆளாக்கியது நான். இப்போது அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் யாரோ ஒருவருடைய கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் கயிற்றோடும் ஸ்பேனரோடும் இருப்பான். சாயங்காலம் வந்ததும் கூடத்தில் என் எதிரில் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வான். கல்யாணம் ஆகும்வரை சொன்னான்.

இணைப்புக் கொடுத்தவர் போவதற்கு முன் என் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தார். வீட்டில் எந்தெந்தக் கருவி வைஃபையில் இருக்கிறது என்று அதில் தெரியும். வேண்டாததை நிறுத்திவைக்கலாம். புதிதாக ஏதாவது நுழையப் பார்த்தால் அனுமதிக்கவா, மறுக்கவா என்று கேட்கும். சிக்னலின் வலிமையைக்கூடக் கூட்டலாம், குறைக்கலாம். நாம் எங்கே இருந்தாலும் இது வேலை செய்யும். "இது வீட்டுச் சாவி மாதிரிக்கா. யார் கையிலயும் குடுத்துடாதீங்க," என்றார். நான் கொடுக்கவில்லை.

தம்பியின் மனைவி நல்ல பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடி அறையில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பயணச்சீட்டு நிறுவனம் ஒன்றுக்காக யார் யாருடைய கோபத்தையோ நாளெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். என்னிடம் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. ஆனால் சாயங்காலம் தம்பி வந்தால் நேராக மாடிக்குப் போய்விடுவான். இருவரும் சேர்ந்து படம் பார்ப்பார்கள். அவர்களுடைய சிரிப்பு மட்டும் கூரை வழியாகக் கீழே சொட்டும். நான் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைப் பரிசோதித்து, லென்ஸ் மாட்டி, மூக்கில் அழுத்தாமல் சரிசெய்துகொடுப்பேன். பவர் ஒரேயடியாக மாறினால் யாருக்கும் தலை சுற்றும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் கண் பழகிக்கொள்ளும், மாறியதே தெரியாது. அந்தப் பக்குவத்தில்தான் சிக்னலைக் குறைத்தேன். முதலில் மாடியில் படம் திக்கித் திணறியது. பிறகு நின்றது.

"அண்ணி, மேல நெட்டே வரமாட்டேங்குது."

"கீழ வாம்மா. இங்க நல்லாத்தானே வருது."

வந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான். மூன்று பேரும் ஒரே விளக்கின்கீழ் இருந்தோம். அவன் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளையின் கதையைச் சொன்னான். மாலையோடு உள்ளே நின்று "கதவத் திறக்காதீங்க, கொஞ்சம் யோசிக்கணும்" என்றாராம் அந்த ஆள். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

தம்பி சும்மா இருக்கவில்லை. மாடிக்கென்று ஒரு பூஸ்டர் வாங்கிவந்து மாட்டினான். அதுவும் என் செயலியில் ஒரு பெயராக வந்து நின்றது. நிறுத்திவைத்தேன். அவன் அதைக் கழற்றுவான், மாட்டுவான், தட்டிப் பார்ப்பான். "இருபது மாடி லிஃப்ட்டு என் பேச்சைக் கேக்குதுக்கா. இந்தத் துக்கடா டப்பா கேக்கமாட்டேங்குது," என்பான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அவள் உண்டானாள். அதற்குப் பிறகுதான் ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே தம்பி சொன்னான்.

"அக்கா, வேற வீடு பாக்கலாம்னு இருக்கோம். இங்க நெட்டும் இல்ல, டவரும் இல்ல. இவ எப்படி வேலை பாப்பா? குழந்தை வேற வருது. ஒரு அவசரம்னா என்ன பண்றது?"

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி," என்றாள் அவள்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றே சிக்னலை முழுதாகக் கூட்டினேன். பூஸ்டரையும் விடுவித்தேன். மாடியில் நெட் பறந்தது. ஆனால் மனிதர்கள் ஒருமுறை கிளம்ப நினைத்துவிட்டால், காரணம் போனபிறகும் அந்த நினைப்பு போவதில்லை. அவர்கள் வீடு பார்ப்பதை நிறுத்தவில்லை.

ஒரு வீடு பிடித்துப்போயிற்று. வீட்டுப் புரோக்கர் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். தம்பியைத்தான் குழிக்குள் பிடிக்க முடியாதே. அந்த நாள் காலையில் தம்பி ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான். "இன்னைக்கு மத்தியானம் புரோக்கர் கூப்பிடுவார்க்கா. இவ சரின்னு சொல்லலைன்னா வேற ஆளுக்கு விட்டுருவாராம்." சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு அழைப்பு தவறினால் ஒரு வீடு கைநழுவும். இவ்வளவு சுலபமாக ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய போனையும் லேப்டாப்பையும் நிறுத்திவைத்தேன். பிறகு மாடிக்குப் போய் அவளைப் பார்த்தேன். டாக்டர் படி இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கட்டிலிலேயே இருந்தாள்.

"அண்ணி, இடுப்பு லேசா இழுக்கற மாதிரி இருக்கு. இன்னைக்கு லீவு போட முடியுமா?"

"கடையில நான் ஒருத்திதாம்மா. ஏதாவதுன்னா ஒரு போன் போடு, ஓடி வந்துடறேன்."

போன் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது எனக்கு மறந்துபோகவில்லை. அதைத்தானே கேட்கிறீர்கள். மறக்கவில்லை.

மதியத்துக்கு முன்பே செயலி கூப்பிட ஆரம்பித்தது. நிறுத்திவைத்த கருவி இணைய முயல்கிறது என்று வந்தது. புரோக்கரிடம் பேசத்தான் முயல்கிறாள் என்று நினைத்தேன். திரும்ப வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. பிறகு லேப்டாப் முயன்றது. எனக்கு எதிரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்சநேரம் எதுவும் வரவில்லை. அப்புறம் புதிய கருவி ஒன்று வந்தது. பெயரைப் பார்த்ததும் தெரிந்தது. தம்பியின் பழைய போன். முகப்பு நொறுங்கி, இந்த ரூட்டர் வருவதற்கு முன்பே அலமாரியில் கிடந்தது. அவள் கட்டிலைவிட்டு எழுந்து, அதைத் தேடி எடுத்து, சார்ஜில் போட்டு, அதற்கு உயிர் வரும்வரை காத்திருந்திருக்கிறாள். வீடு பார்க்கிற பெண் இவ்வளவு சிரமப்படமாட்டாள். அது எனக்குப் புரிந்தது. அனுமதிக்கவா, மறுக்கவா என்று செயலி கேட்டது.

மறுத்தேன்.

ஏன் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். யோசித்துத்தான் சொல்கிறேன். அனுமதித்திருந்தால் வண்டி வந்திருக்கும். ஆஸ்பத்திரி, குழந்தை, அப்புறம் புது வீடு. மறுத்தால் தம்பி எப்போதும்போல் சாயங்காலம் வீட்டுக்கு வருவான். அவ்வளவு தூரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பெரியவர் இரண்டாவது லென்ஸ்தான் தெளிவு என்றார். எழுதிக்கொண்டேன்.

அதன்பிறகு எதுவும் முயலவில்லை.

அவள் கேட்டுக்குப் போகத்தான் இறங்கியிருக்கிறாள். கடை முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது பாதிப் படியில் கிடந்தாள். கையில் அவளுடைய போன் இருந்தது. நான் முதலில் செய்தது அவளுடைய கருவிகளை விடுவித்தது. பிறகுதான் கேட்டுக்கு வெளியே ஓடி வண்டியைக் கூப்பிட்டேன். அவளும் போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டது. அவர்களைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகவே கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி இப்போது மாடிக்குப் போவதில்லை. கூடத்தில்தான் படுக்கிறான். அந்தப் பூஸ்டரை ஒழுங்காக மாட்டவில்லை என்று சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். உங்கள் ஆட்கள் வரும்வரை நான்தான் அவனைப் பிடித்து உட்காரவைத்து, சோறு பிசைந்து ஊட்டினேன். சின்ன வயதில் செய்ததுபோல.

நேற்று நீங்கள் அவளுடைய போனைத் திறந்து என்முன் வைத்தீர்கள். கடைசியாக அவள் கூப்பிடப் பார்த்த எண்கள். நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலும். புரோக்கர் அதில் இல்லை. தம்பிகூட இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்: அண்ணி, அண்ணி, அண்ணி. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒதுக்கவே இல்லை.

அந்தப் பக்கத்தைத் தம்பியிடம் ஒருமுறை காட்டுங்கள். அவன் மனைவி எங்கள் இரண்டு பேரில் யாரை நம்பினாள் என்று அவனுக்கும் தெரியட்டும்.