தாளத்தைத் தின்ற பெட்டி

“இந்தப் பெட்டி தாளத்தத் திண்டுபோட்டுது, புள்ள.”

செங்கலடியில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். பேசிய கணவரின் மடியில் புது ஸ்பீக்கர் ஒன்று, குழந்தையைப் போல இருந்தது.

“மகன் டோகாவில இருந்து ஆசையா அனுப்பின சாமான். ரிப்பேர் கடைக்காரனும் ரெண்டு தரம் பாத்து, ஒரு பிழையும் இல்ல எண்டுட்டான். இப்ப திரும்பவும் அவனிட்டக் கொண்டுபோறீங்க. ஆஸ்பத்திரியில காதக் காட்டுங்க எண்டா கேக்கிறீங்களா?”

“இருபத்தஞ்சு வருசம் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டினவன் நான். எனக்கா காது பிழை? போன்ல வாற பாட்டுத்தான் தரமில்லையாக்கும் எண்டு, கூடின தரத்துக்குக் காசும் கட்டிப் பாத்திட்டன். மத்தளம் நல்லாக் கேக்குது. தாளத்தத்தான் காணல்ல. இந்தா, நீயே கேளு.”

பாட்டைப் போட்டார். பஸ் இரைச்சலையும் தாண்டி, பின் சீட்டில் இருந்த எனக்கே கைத்தாளம் கணீரென்று கேட்டது.

“உண்மையச் சொல்லு. தாளம் கேக்குதா?”

அந்த அம்மா பெட்டியோடு காதை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார்.

“இல்ல. எனக்கும் கேக்கல்ல.”

அவர் பாட்டை நிறுத்தினார்.

“உனக்குமா? நீ ஒரு நாளும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில நிண்டதில்லையே.”

“வயசு போகுதுதானே. ஆஸ்பத்திரிக்குத் தனியப் போகப் பயமா இரிக்கி.”

“கடை கிடக்கட்டும். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவம். நீ பயப்படாத. முதல்ல நான் காதக் காட்டுறன், நீ பக்கத்தில இருந்து பாரு.”