‘கினு’ வந்தா ‘இங்’

காலை லோக்கல் ஆரம்பாக்கத்தை விட்டுக் கிளம்பியதும், எதிர் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்: “நாம ‘கினு’ன்னு சொல்ற எடத்துல இங்கிலீஷ்காரங்க ‘இங்’னு சொல்றாங்க. அவ்ளோதான்.”

மனைவி கம்பெனி யூனிஃபார்மில் இருந்தார். “ஆடிட்டுக்கு வர்றவரு மெஷினாண்ட நின்னு, இன்னா பண்ணிக்கினு இருக்கேன்னு இங்கிலீஷ்ல கேப்பாராம். முழிச்சா பேக்கிங்குக்குத் தள்ளிடுவாங்க.”

“இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்க?”

“ஐ யாம் சிட்டிங்.”

“நானு?”

அவர் மடியைப் பார்த்தார் மனைவி. “யூ ஆர் ஹோல்டிங் மை டிபன்.”

“நீ பாஸாயிட்ட. நான் நாத்து நடற வேலைய உட்டுட்டு வந்தது வீண் போவல.”

கும்மிடிப்பூண்டியில் இருவரும் இறங்கினார்கள். அவர் அடுத்த வண்டியில் ஊர் திரும்ப வேண்டும். நான் ஜன்னலோரம் இருந்தேன்.

“ஐ யாம் கோயிங்” என்றார் மனைவி.

அவர் முகம் வாடிவிட்டது. “கெளம்பறப்ப போறேன்னு மட்டும் சொல்லாத, செல்வி.”

மனைவி கொஞ்சம் யோசித்தார். “ஐ யாம் கோயிங். ஐ யாம் கமிங்.”

அதற்குப் பிறகுதான் கணவர் டிபனைக் கையில் கொடுத்தார்.