மந்தைக்குப் பாடிய பாட்டு

காபி நன்றாகவே இருக்கிறது, ஷெரீப். எங்கள் பண்ணைச் சமையல்காரன் போடுவது இதில் பாதிகூடத் தேறாது. கைவிலங்கு மாட்டாமல் உட்கார வைத்தீர்களே, அதற்கும் நன்றி. நானாக வந்தவன், ஓடிப்போக மாட்டேன்.

நீங்களும் ஒரு காலத்தில் மாடு ஓட்டியவர்தான். எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் டெபுடி டவுனில் வளர்ந்தவர், அவருக்காகச் சொல்கிறேன். நாங்கள் மாடுகளுக்குப் பாடுவது பொழுதுபோக்குக்காக இல்லை. பொழுது சாய்ந்து மந்தை படுத்ததும், இரண்டு பேர் எதிரெதிராகக் குதிரையில் சுற்றி வருவோம், பாடிக்கொண்டே. ஆள் எங்கே இருக்கிறான் என்று மாட்டுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் தலையைத் தூக்கும். அந்த நேரம் பார்த்து ஏதாவது சத்தம் கேட்டால், மொத்த மந்தையும் எழுந்து கண்மண் தெரியாமல் ஓடும். அதனால் ஒருவன் மூச்சு வாங்கினால் எதிரே வருபவன் விடாமல் பாடுவான்.

ராய்ஸ் டீக்கும் நானும் அப்படித்தான் சேர்ந்து சுற்றினோம். பாட்டுக் கட்டுவது நான். அதை இனிமையாகப் பாடுவது அவன். என் குரல் துருப்பிடித்த கேட் மாதிரி இருக்கும். மாடுகள் குறை சொன்னதில்லை.

பண்ணைக்காரர் ஹாலோவெல்லின் மகள் நொரீனுக்காக நான் கட்டியதுதான் அந்த ஓடைப் பாட்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் ஜன்னலில் எரியும் விளக்கைப் பற்றியது. குதிரைப் பட்டியின் வேலியில் உட்கார்ந்து அவளுக்கு இரண்டாம் குரல் சொல்லிக் கொடுத்தேன்.

"மூணாவது வரியில மட்டும் சேர்ந்துக்கறேன் எம்மெட். முழுசா பாடினா அப்பா நம்மளப் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சிடுவாரு" என்று சிரித்தாள்.

அந்த 'நம்மளை' நான் வெகுநாள் நெஞ்சில் வைத்திருந்தேன்.

அப்புறம் ராய்ஸ் குதிரை விற்க அமரில்லோ நகரத்துக்குப் போனான். அடுத்த மாதம் அங்கிருந்து வானொலியில் அவன் குரல் வந்தது. என் பாட்டு. எழுதியவரும் ராய்ஸ் டீக் என்றான் அறிவிப்பாளன். அவன் ஊருக்கு வந்தபோது கேட்டேன்.

"பாட்டு காத்துல கிடக்குது, பிடிச்சவன் பாடறான். உன் தொண்டைய வச்சுக்கிட்டு நீ ரேடியோவுல பாடினா மாடு மட்டுமில்லடா, டெக்சஸே மிரண்டு ஓடும்."

நானும் சிரித்தேன். நல்ல கிண்டல்தான்.

நொரீன் அவனைக் கட்டிக்கொண்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன், பட்டுச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் யாரையும் மயக்கும். ஆனால் பத்திரிகைக்காரி ஒருத்தி வந்து அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் குதிரையைக் கட்டிக்கொண்டிருந்தேன். "ராய்ஸ் எனக்காகவே எழுதினது" என்றாள் நொரீன், என்னைப் பார்த்துக்கொண்டே.

பிறகு தனியாகக் கேட்டேன்.

"உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது போதாதா எம்மெட்?" என்றாள். தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

போதவில்லை, ஷெரீப். மனது வெந்துபோயிற்று.

இந்த இலையுதிர்காலத்தில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். மேட்டில் காமிரா. அந்தி வெளிச்சத்தில் நிஜ மந்தையைச் சுற்றி ராய்ஸ் பாட வேண்டும். வானொலியில் பாடிப் பாடி அவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது: ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பிடில் வாசிக்க இடம் விட்டு நிறுத்துவான்.

"இங்க பிடில் ஏதுடா?" என்றேன்.

"அந்த இடத்துல நீ முனகிக்கிட்டே இரு. நீ அந்தப் பக்கம் இருப்ப, படத்துல விழமாட்ட."

சரி என்றேன். என் வேலையே அதுதான்.

அவன் முதல் சரணத்தைப் பாடி நிறுத்தினான். நான் முனகவில்லை. மாடுகள் தலையைத் தூக்கின. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ராய்ஸின் குதிரை வேகமானது, தப்பித்துவிட்டான். நொரீனின் குதிரை ஓடைக்கரையில் இடறியது. நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன்.

ஆனால் அவள் அடக்கத்தன்று ராய்ஸ் செய்ததைப் பார்த்தீர்களே. "நான் பாட்ட நிறுத்தினேன், என்னாலதான் அவ போனா" என்று குழியருகே கதறினான். ஊரே அவனைக் கட்டிப்பிடித்து அழுதது. நேற்று வானொலியில் அதையே பாட்டாக்கிப் பாடினான், தன் மௌனம் மனைவியைக் கொன்றுவிட்டதாக. சமையல்காரன் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினான்.

என் பாட்டை எடுத்துக்கொண்டான். அவளை எடுத்துக்கொண்டான். இதையும் அவன் பெயரில் போக விடமாட்டேன்.

பாட்டு நின்றதால் மாடுகள் தலையைத்தான் தூக்கின. நான் முனகியிருந்தால் திரும்பப் படுத்திருக்கும். சேணத்துக்குப் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்த மழைக்கோட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் படபடவென்று உதறினேன். ஓட வைத்தது நான். டெபுடி, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நொரீன் காமிராவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்ததாக அன்று உங்களிடம் சொன்னேன். அவள் யாரிடமும் சொல்லாமல் ராய்ஸின் பின்னால் தன் குதிரையில் வந்திருக்கிறாள். முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது வரியில் இரண்டாம் குரல் சேர்ந்தது. நான் சொல்லிக் கொடுத்தபடியே, சுருதி இம்மியும் பிசகவில்லை. அவள் முடிக்கும்வரை காத்திருந்துதான் கோட்டை அவிழ்த்தேன். நான் முரடன் இல்லை, ஷெரீப். பாடுகிறவரைப் பாட்டின் நடுவில் நான் நிறுத்தியதே கிடையாது.